சம்மந்தியோடு ஏரிக்குப் போனது

சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ஷூவைத்தான் நீங்க பெருமாள்மலையில பஸ் ஏறினதுல இருந்து பாத்துக்கிட்டு வர்றேன். மலை ஏறுற ஷூதானே? அடியில பல்லு பல்லா இருக்கே, அதான் கேட்டேன். முதல் தடவையா? அதுவும் தெரியுது. இறங்கும்போது லேஸை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கணும் சார். இல்லேன்னா பெருவிரல் நகம் கருத்துப் போகும். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன். உங்க கால், உங்க இஷ்டம்.

என் பேரு சௌந்தரராஜன். வத்தலக்குண்டுதான். சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவன். காடு மேடெல்லாம் நடந்து அளந்த காலு, வீட்ல உக்காரச் சொன்னா உக்காருமா? பூம்பாறைக்கு மேல ஆனைக்கல் ஏரின்னு ஒண்ணு இருக்கு. காலையில கிளம்பினா பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம். மாசம் ஒரு தடவை போயிட்டு வந்துடுவேன். இன்னைக்கும் அங்க இருந்துதான் வர்றேன். புதுசா வர்றவங்களையும் கூட்டிட்டுப் போவேன். எங்க தெரு பல் டாக்டரு, காம்ப்ளக்ஸ்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவரு, நிறைய பேரு. எல்லாரும் திரும்பி வந்து கையெடுத்துக் கும்பிடாத குறைதான். ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனதுல மட்டும்தான் எனக்குக் கெட்ட பேரு. அவருகூட ஒண்ணும் சொல்லலை, அவரு தங்கமான மனுஷன். சொல்றது பூரா எங்க வீட்ல.

நீங்க மூணாம் மனுஷன். நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

என் பொண்ணு மதிவதனி. ஒரே பொண்ணு. காது கேக்காத சின்னப் பிள்ளைங்களுக்குப் பேசப் பழக்குற வேலை, மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டு இருந்துச்சு. போன ஆவணியில தேனியில வரன் அமைஞ்சு நிச்சயம் பண்ணினோம். மாப்பிள்ளை பேரு கௌதமன். அவங்கப்பா சிதம்பரநாதன், பெரிய இரும்புக்கடை. நல்ல குடும்பம். ஒரே ஒரு சிக்கல், கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க. வதனிக்கு வேலையை விட இஷ்டமில்லை. ராத்திரி பகலா அதே நினைப்பா இருந்துச்சு. ஒரு நாள் என்கிட்ட வந்து உக்காந்துச்சு.

"அப்பா, வீட்ல வச்சுப் பேசினா அத்தை, சித்தி, பெரியம்மான்னு பத்துப் பேரு வாய் வைப்பாங்க. நீ மாமாவை மலைக்குக் கூட்டிட்டுப் போ. தனியாப் பேசு. ஒரே ஒரு விஷயம்தான், நான் வேலைக்குப் போகணும். அதைச் சொல்லிட்டு வந்துடு. நீ எனக்காக வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"நான் பாத்துக்கிறேம்மா"ன்னேன். நல்ல யோசனைதான். மலையில மனுஷன் மனசு விட்டுப் பேசுவான், அது என் அனுபவம்.

சம்மந்திக்குப் போன் பண்ணினேன். அவரும் உடனே சரின்னுட்டாரு. வாழ்க்கையில கடைத்தெருவைத் தாண்டி நடக்காத மனுஷன் சார். தண்ணி பாட்டில், தொப்பி, கால்சட்டை, நல்ல ஷூ, இவ்வளவும் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லணும். சொல்ல வாய் வரல. மாப்பிள்ளை வீட்டுக்காரருகிட்ட போயி நீங்க இதைப் போடுங்க அதைப் போடாதீங்கன்னு சொல்றது எப்படி? "உங்களுக்கு எது சௌகரியமோ அதுல வாங்க சம்மந்தி"ன்னேன்.

வந்தாரு. பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, கால்ல தோல் செருப்பு. கையில ஒரு தாம்பூலத் தட்டு. சம்மந்தியைப் பாக்க வெறுங்கையோட வரக்கூடாதாம். ஆப்பிள், சாத்துக்குடி, தேங்காய், ஒரு பெரிய சீப்பு மலைவாழைப்பழம், டப்பா நிறைய அதிரசம். நான் மட்டும் லேசுப்பட்டவனா? எங்க வீட்லயும் ஒரு பை நிறைய முறுக்கு, கைமுறுக்கு, தேன்குழல், அப்புறம் அவரு வீட்டு அம்மாவுக்கு ஒரு புடவை. பூம்பாறை பஸ் ஸ்டாப்புல நின்னு நாங்க ரெண்டு பேரும் தட்டு மாத்திக்கிட்டோம். பூண்டு மூட்டை ஏத்திக்கிட்டு இருந்த லோடு ஆளுங்க வேலையை நிறுத்திட்டுப் பாத்தாங்க. இங்க ஏதோ கல்யாணம்னு நினைச்சிருப்பாங்க.

இதெல்லாத்தையும் ஒரு டீக்கடையில குடுத்து வச்சிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எங்க வீட்லயும் அதைத்தான் கேட்டாங்க. அவரு ஆசையாக் கொண்டு வந்ததை அவரு கண்ணு முன்னாடியே டீக்கடையில போட்டுட்டுப் போனா என்ன நினைப்பாரு? சரி, அவரு குடுத்ததை நான் தூக்கிக்கிட்டேன். நான் குடுத்ததை அவரு தூக்கணும். மாப்பிள்ளை வீட்டு ஆளைச் சுமக்க விடலாமா சார்? அதையும் நானே தூக்கிக்கிட்டேன்.

அடுத்தது ஷூ. நான் உங்களை மாதிரி நல்ல ஷூதான் போட்டிருந்தேன். ஆனா அவரு செருப்போட நிக்கிறாரு. அவரு வழுக்கி வழுக்கி வரும்போது நான் மட்டும் கிண்ணுன்னு ஷூவோட நடந்தா, "பாரு, உனக்குத் தெரியல எனக்குத் தெரியும்"னு சொல்லிக் காட்டுற மாதிரி ஆகாதா? பக்கத்துக் கடையில ஒரு ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கிட்டு ஷூவைக் கழட்டிப் பைக்குள்ள வச்சுட்டேன். அந்தப் பையும் என் தோள்லதான்.

சிரிக்காதீங்க சார். மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.

பூண்டுத் தோட்டத்தைத் தாண்டினா பைன் மரக்காடு. அங்க பாதை குறுகிடும், ஒரு ஆளுதான் நடக்கலாம். வழக்கமா நான் முன்னாடி போவேன், புது ஆளு பின்னாடி. அதான் முறை. ஆனா சம்மந்திக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நடக்கிறதா? "நீங்க முன்னாடி போங்க"ன்னேன். அவரும் பெரிய மனுஷன், "இல்ல, நீங்க போங்க"ன்னாரு. "அட, நீங்க போங்க." "நீங்க இருக்கும்போது நானா?" இப்படியே கொஞ்ச நேரம். பின்னாடி விறகுக்கட்டோட வந்த ரெண்டு பொம்பளைங்க எங்களை விலக்கிட்டு அவங்க போயிட்டாங்க. கடைசியில அவருதான் முன்னாடி போனாரு. மூச்சு வாங்குது அவருக்கு. நிக்கலாமான்னு கேக்க மாட்டாரு. நானும் கேக்கல. கேட்டா அவருக்கு முடியலைன்னு ஆகிடும்ல? நல்லா இருந்த ஒரு பாறையைப் பாத்து "உக்காருங்க சம்மந்தி"ன்னேன். "நீங்க உக்காருங்க"ன்னாரு. ரெண்டு பேரும் அந்தப் பாறை பக்கத்துல நின்னே இளைப்பாறிட்டுக் கிளம்பினோம்.

அடுத்துதான் அந்தப் பிரிவு வருது. பாதை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் ஏரி. வலது பக்கம் போனா எங்கெங்கயோ போகும், எனக்கே சரியாத் தெரியாது. சம்மந்தி ஒரு நொடி நின்னாரு. வலது பக்கம் கையைக் காட்டி, "இப்படித்தானே?"ன்னாரு.

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அதைத்தான் எங்க வீட்லயும் சொன்னாங்க. ஆனா அந்த முகத்தைப் பாத்திருந்தா சொல்ல மாட்டீங்க. வேர்த்து ஊத்துது, ஆனாலும் வழி கண்டுபிடிச்ச சந்தோஷம் முகத்துல. அதுல போயி மண்ணைப் போடுறதா? "ஆமா சம்மந்தி, இப்படியும் போகலாம்"னேன். அந்த இடத்துல இடது பக்கம் அம்புக்குறி போட்டு, ஏரிக்கு வழின்னு ஒரு போர்டு வேற நட்டு வச்சிருக்காங்க. அவரு திரும்பினா கண்ணுல பட்டுடும். நான் நகர்ந்து போயி போர்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டேன். ரெண்டு பையையும் அகட்டிப் பிடிச்சு நல்லா மறைச்சுக்கிட்டு, அவரு கொஞ்ச தூரம் போற வரைக்கும் அசையவே இல்லை. யாரு செய்வா இதை?

ஐயோ, அந்த அம்மாவுக்கு என்னமோ பண்ணுது பாருங்க. ஜன்னல் பக்கம் விடுங்க. எலுமிச்சம்பழம் இருக்கா யாருகிட்டயாவது? இந்த வளைவுல எப்பவும் இப்படித்தான்... சரி, சொல்றேன்.

அந்த வழியில ஒரே ஈரம். ஐப்பசி மாசம் பாருங்க, புல்லு முழங்கால் உயரம். அட்டை இருக்கும். அவரோட கெண்டைக்கால்ல ஒண்ணு ஏறிடுச்சு. பின்னாடி நடக்கிற எனக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல. நாமளே கூட்டிட்டு வந்துட்டு, "சம்மந்தி, உங்களை அட்டை கடிக்குது"ன்னு எப்படிச் சொல்றது? குனிஞ்சு நானே எடுத்துடலாம்னு பாத்தேன், திடீர்னு காலைத் தொட்டா அவரு பதறிப் போயிடுவாரு. அது பாட்டுக்குக் குடிச்சுச்சு. நல்லா உருண்டு திரண்டு, தானா விழுந்துடுச்சு. பெறகு அவரு வேட்டியில ரத்தத்தைப் பாத்துட்டு, "இது என்ன சம்மந்தி?"ன்னாரு. "வெத்தலைக் கறையா இருக்கும்"னேன். வெத்தலை போடுற பழக்கம் அவருக்கு இல்லை. இருந்தாலும் "இருக்கும், இருக்கும்"னாரு. நான் சொன்னேன்ல, தங்கமான மனுஷன்.

எம்புட்டு நேரம் நடந்தோம்னு தெரியல. கடைசியில ஒரு பள்ளத்துல ஒரு குட்டை. காட்டுமாடு வந்து தண்ணி குடிக்கிற குட்டை. செவசெவன்னு தண்ணி, ஓரமெல்லாம் சாணி, மேல பாசி. சம்மந்தி நின்னாரு. "இதுதான் ஏரியா?"

"ஆமா சம்மந்தி"ன்னேன்.

கொஞ்ச நேரம் பாத்தாரு. "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு"ன்னாரு. துண்டை விரிச்சு உக்காந்தாரு. நானும் உக்காந்தேன். அதிரசத்தைப் பிரிச்சோம். தேங்காயைக் கல்லுல உடைச்சோம். அந்த நாத்தத்துல உக்காந்து ரெண்டு பேரும் சாப்பிட்டோம். உண்மையைச் சொல்றேன் சார், சந்தோஷமா இருந்துச்சு. அவரு சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னாரு. நான் எப்ப வதனி விஷயத்தை எடுக்கலாம்னு நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். எடுத்த எடுப்புல கேட்டா, இதுக்காகத்தான் கூட்டிட்டு வந்தானான்னு நினைப்பாருல்ல?

கேக்க வேண்டிய அவசியமே வரல. அவரே ஆரம்பிச்சாரு.

"சம்மந்தி, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்னுதான் நானும் வந்தேன். வதனிக்கு வேலையை விட மனசில்லைன்னு கௌதமன் சொன்னான். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. தேனியிலயே அதே வேலைக்கு ஆளு தேடுறாங்களாம். வீட்ல அவன் அம்மாவைத்தான் சமாளிக்கணும். பொண்ணோட அப்பா ஆசைப்படுறாருன்னு நான் சொன்னா அவ கேட்டுப்பா. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார். எவ்வளவு பெரிய மனசு! அந்த மனசுக்கு முன்னாடி நான் போயி எனக்கு இது வேணும் அது வேணும்னு கேக்குறதா?

"நான் சொல்ல என்ன இருக்கு சம்மந்தி? இனிமே அவ உங்க வீட்டுப் பொண்ணு. நீங்க என்ன செஞ்சாலும் சரிதான்"னேன்.

"அது சரி. உங்க விருப்பம் என்னன்னு சொல்லுங்க."

"பொண்ணைக் குடுத்தவனுக்கு என்ன சம்மந்தி தனியா விருப்பம்?"

அவரு என்னையே பாத்தாரு. குச்சியால தண்ணியைக் கிளறிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா, "ஓ, உங்களுக்கே அவ வேலைக்குப் போறதுல இஷ்டமில்லை போல இருக்கு"ன்னாரு.

இந்த இடத்துலதான் எங்க வீட்ல பிடிச்சுக்கிறாங்க. அவரு ஒண்ணு சொல்லிட்டாரு. இல்லைன்னு சொன்னா அவரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு ஆகுது. முகத்துக்கு நேரா உங்க பேச்சு தப்புன்னு சொல்றதா?

"அப்படியும் வச்சுக்கலாம் சம்மந்தி"ன்னேன்.

அதோட அந்தப் பேச்சை விட்டுட்டு எழுந்தோம். திரும்பி வர்றப்ப அவரு கொஞ்சம் அமைதியாத்தான் வந்தாரு. களைப்புன்னு நினைச்சேன்.

மறுநாளே சம்மந்தி வீட்டம்மா எங்க வீட்டுக்குப் போன். "பொண்ணோட அப்பாவே வேண்டாம்னு சொல்லிட்டாராமே, ரொம்ப நல்லதாப் போச்சு"ன்னு. வதனி மதுரையில இருந்து அடுத்த பஸ்ஸுக்கு வந்துடுச்சு. செருப்பைக்கூட கழட்டல. "மாமா கேட்டாரா? அவரே கேட்டாரா? நீ என்ன சொன்னே?" நான் ஒண்ணு விடாம சொன்னேன். எனக்கு மறைக்க என்ன இருக்கு? வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். சொல்லி முடிச்சதும் அது என்னைத் திட்டும்னு பாத்தேன். திட்டல. தரையில உக்காந்து, ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு அழுதுச்சு. "வாயே இல்லாத பிள்ளைங்களைக்கூட நான் ஆறு மாசத்துல கேக்க வச்சிடுறேன்ப்பா, தண்ணி வேணும்னா தண்ணின்னு கேக்குதுங்க"ன்னுச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு விளங்கல. அழுகையில என்னமோ சொல்லுதுன்னு விட்டுட்டேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வந்து போனை எடுத்துச்சு. எங்க முன்னாடியே சம்மந்திக்குப் போட்டுச்சு. "மாமா, நான் வதனி. எனக்கு வேலைக்குப் போகணும். அப்பா சொன்னது அவரோட பேச்சு, என் பேச்சு இதான். அப்புறம் ஒண்ணு, நீங்க போனது ஏரி இல்லை, மாடு குளிக்கிற குட்டை." எனக்கு உயிரே போயிடுச்சு. நிச்சயம் பண்ணின பொண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி, மாமனாருக்குப் போன் பண்ணி! அந்தப் பக்கம் அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறது எங்களுக்குக் கேக்குது. "இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா, என் ஒரு வேட்டி மிஞ்சியிருக்குமே"ன்னாரு. விஷயம் முடிஞ்சுது. தையில கல்யாணம். இப்ப தேனியில வேலைக்குப் போயிட்டு வருது. சம்மந்தி அம்மாவும் சமாதானம் ஆயிட்டாங்க, அவங்கதான் டிபன் கட்டிக் குடுக்குறாங்களாம்.

சரி, நல்லபடியா முடிஞ்சுதுல்ல? என்னால யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? நான் அவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டதாலதான் சம்மந்தி அவ்வளவு இளகியிருந்தாரு. அந்தப் பேரை யாராவது எனக்குக் குடுத்தாங்களா?

இன்னைக்கு நடந்ததையும் சொல்லிடுறேன். நான் எப்பவும் மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமைதான் ஏரிக்குப் போவேன். அது வதனிக்குத் தெரியும். இந்த மாசம் ஒரு கிரகப்பிரவேசத்தால தள்ளிப் போயி இன்னைக்குப் போனேன். மேட்டுல ஏறி ஏரியைப் பாக்குறேன், கரையில மூணு பேரு. வதனி, மாப்பிள்ளை, சம்மந்தி. சம்மந்தி கால்ல ஷூ. தலையில தொப்பி. முழுக்கால் சட்டை போட்டுக்கிட்டு அடையாளமே தெரியல. ஏதோ கரையைச் சுத்திப் போகலாம்னு அவரு ஒரு பக்கம் காட்டுறாரு. வதனி சத்தம் போடுது, "அங்க சேறு மாமா, நான் சொல்றதைக் கேளுங்க, இப்படி வாங்க"ன்னு. மாமனாரை சார்! அவரு சிரிச்சுக்கிட்டே அது சொன்ன பக்கம் போறாரு.

என்னைக் கூப்பிடலை. தெரிஞ்சேதான் நான் வராத ஞாயித்துக்கிழமையாப் பாத்து வந்திருக்காங்க. கீழ இறங்கிப் போயி "என்ன, என்னை விட்டுட்டு வந்துட்டீங்களா"ன்னு கேட்டிருக்கலாம். கேட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்காது? அதனால ஒரு மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். அவங்க சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, காருக்குக் கிளம்பிப் போற வரைக்கும் நின்னேன். காலு மரத்துப் போச்சு. ஏரிக்குப் போயி ஏரித்தண்ணியில காலை நனைக்காம வந்தது இதுதான் முதல் தடவை.

காமக்காபட்டி வந்துடுச்சா? அப்ப மலை இறங்கியாச்சு. ஒரு நிமிஷம் சார், போனு. அட, வதனிதான்!

சொல்லும்மா... நான் வீட்லதான்... சத்தமா? அது டிவிம்மா... ஓ, போயிருந்தீங்களா? இன்னைக்கா? அப்படியா, எனக்குத் தெரியவே தெரியாது... இல்லம்மா, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல... அடுத்த மாசமா? நானா?... உங்க சௌகரியம்தான்மா... மாமா என்ன சொல்றாரு?... இல்ல, அவருக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுல்ல... எனக்கு என்னம்மா இருக்கு, நீங்க எப்படிச் சொல்றீங்களோ... ஹலோ? ஹலோ? வதனி?

கட் ஆயிடுச்சு சார். ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் திரும்பப் போறாங்களாம். நீ வர்றியா, வரலையா, உனக்கு ஆசையா இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுப்பான்னு கேட்டுச்சு. அதுக்குள்ள லைன் போயிடுச்சு. மலைப்பக்கம் எப்பவும் சிக்னல் கிடைக்காது.

உங்க போன்ல இருக்கா? முழுசா இருக்கா?

என் போன்லயும் இருக்கு.

ஆசை இல்லாம இருக்குமா சார்? என் பொண்ணோட ஏரிக்குப் போக எனக்கு ஆசை இருக்காதா? திருப்பி நான் கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனா இப்பத்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கும், களைச்சுப் போயிருக்கும், மாமனார் மாமியார் பக்கத்துல இருப்பாங்க. அதுவா இன்னொரு தடவை கேக்கட்டும்.